நீலப் புத்தகத்துப் பூஜ்யங்கள்

ஜனவரி 9, செவ்வாய்

இது தீவனக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. ஒவ்வொரு பக்க மூலையிலும் கொழுத்த கோழி ஒன்று நிற்கிறது. போன வருஷத்து டைரி அடுப்படியில் சூடான குண்டா இறக்கிவைக்கத்தான் உதவியது. இந்த வருஷம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம், ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னொரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். நீல அட்டை போட்டது. அதில் அவர்கள் போட்ட கட்டத்துக்குள் அவர்கள் கேட்டதை மட்டும் எழுத வேண்டும். எனக்குக் கட்டம் போதாது.

மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் டிபி வந்து குணமானது. குணமானது என்றுதான் நினைத்திருந்தோம். அது போகும்போது வலது நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பொந்துக்குள் இப்போது பூஞ்சை உருண்டையாக வளர்ந்திருக்கிறது. இருமினால் ரத்தம். இதே பூஞ்சை கோழிக்குஞ்சுக்கும் வரும். ஷெட்டில் பரப்புகிற தென்னை நார்த்தூள் ஈரமானால், குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு விடும், இரண்டு நாளில் சாய்ந்துவிடும். இருபது வருஷமாக நாங்களும் அந்தத் தூசிக்குள்தான் பிழைக்கிறோம்.

டாக்டர் ரகோத்தமன் ஒளிக்காமல் சொன்னார். "பழைய மாத்திரை ஒரு வருஷம் சாப்பிட்டாச்சு. பாதிதான் கேக்குது. ஆபரேஷன் பண்ண அவருக்கு மூச்சு பத்தாது. புது மருந்து ஒண்ணு சோதனையில இருக்கு. சேர்றீங்களா?"

சேராமல் எங்கே போவது. சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பழைய மாத்திரை உண்டு. அதோடு கூட ஒரு மஞ்சள் மாத்திரை. பாதிப்பேருக்கு அது புது மருந்து, மீதிப்பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அதைக் கேட்டதும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஜெசிந்தா சிஸ்டர் பதினேழு பக்கத் தமிழ்க் காகிதத்தை எழுத்தெழுத்தாக வாசித்தது. ஒரு பையன் அதை வீடியோ எடுத்தான். பக்கத்துக்குப் பக்கம் "புரிஞ்சுதாங்க?" என்று கேட்டது, நாங்கள் "புரிஞ்சுதுங்க" என்றோம். உண்மையைச் சொன்னால் எனக்கு நினைப்பெல்லாம் அடுத்த வாரம் வரப்போகிற குஞ்சுகள் மேல். குஞ்சுக்குச் சூடு கொடுக்க ஷெட்டுக்கு இன்னும் பல்பு மாட்டவில்லை.

கடைசியில் சிஸ்டர் நீலப் புத்தகத்தைத் திறந்து காட்டியது. மாத்திரை போட்ட நேரம், காய்ச்சல், ரத்தம் எத்தனை தடவை. "அக்கா, தப்பா எழுதிட்டீங்கன்னா ஒயிட்னர் போடக்கூடாது, கிழிக்கக்கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு. பழசு தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி உங்க பேரு, தேதி."

பெரிய பத்திரம்தான் போ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 11, வியாழன்

மஞ்சள் மாத்திரையை நெய் விட்ட சோற்றோடுதான் சாப்பிட வேண்டுமாம். மாமாவுக்குக் குஷி. "மாவோ மருந்தோ, நெய் நெசம்தான அம்மிணி" என்கிறார். ரத்தம் காலையில் ஒரு தடவை. 1 என்று எழுதினேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

மாமா கரும்பு கடித்தார். மூன்று நாளாக ரத்தம் இல்லை. 0, 0, 0. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில்கூட நான் இவ்வளவு வட்டமாகப் பூஜ்யம் போட்டதில்லை.

ஜனவரி 18, வியாழன்

ஐயாயிரம் குஞ்சு இறங்கியது. மாமா ஷெட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே எனக்கு அதிகாரம் செய்துகொண்டிருந்தார். ஷெட்டிலிருந்து வந்ததும் குளித்து, சேலை மாற்றித்தான் நான் அவர் பக்கம் போகிறேன். புதுப்பெண்டாட்டி மாதிரி ஒரு நாளைக்கு நாலு சேலை.

கதவில் புது ஷெட் கார்டு மாட்டியாயிற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, வளர்ப்பு மட்டும் நம்முடையது. தினமும் எத்தனை செத்தது என்று கார்டில் எழுத வேண்டும். ஒரே நாளில் இருபது செத்தது என்று எழுதினால் சூப்பர்வைசர் ஓடிவருவார், ஆபீஸுக்குப் போன் போடுவார், நம் பண்ணையின் மேல் ஒரு கறுப்புப்புள்ளி விழும். அதனால் இருபது செத்தால் இன்றைக்கு ஏழு, நாளைக்கு ஏழு, மறுநாள் ஆறு. மொத்தம் தப்பாது, நாள்தான் தள்ளிப்போகும். உண்மைக் கணக்கு ஷெட்டின் உள்சுவரில் கரியால் இருக்கும். பல்லடம் பக்கம் இதைச் செய்யாத பண்ணை கிடையாது.

செய்யாத பண்ணை ஒன்று இருந்தது. மேற்கால தோட்டத்து ருக்குமணி, நாலு வருஷம் முந்தி ஒரே நாளில் நூற்றிப்பத்து என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். யாரும் அவளைத் திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பேட்ச்சுக்கு அவளுக்குக் குஞ்சு வண்டி வரவில்லை, அவ்வளவுதான். அவள் ஷெட்டில் இன்றைக்கு ஆடு கட்டியிருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எடை 51. சிஸ்டர் நீலப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து "அழகா எழுதியிருக்கீங்க அக்கா" என்றது.

பக்கத்து நாற்காலியில் அந்தியூர்க்காரர் ஒருவர், பெயர் குருநாதன். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். அவருக்கும் டிபி, அவருக்கும் பொந்து, அவருக்கும் நீலப் புத்தகம். ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறார். மாமாவும் அவரும் யாருக்கு மாவு, யாருக்கு மருந்து என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட வேண்டுமாம். எப்படிப் பார்த்தாலும் அடுப்படியில் நிற்கப்போவது பெண்டாட்டிமார்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மனது சரியில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குருநாதன் முறை முதலில் வந்தது. கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. "அஞ்சு நாளா ரத்தமுங்க. எல்லாம் எழுதியிருக்கனுங்க." சிஸ்டர் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தது. கதவைச் சாத்தினார்கள். அரைமணி நேரம் கழித்து சிஸ்டர் அவருடைய நீலப் புத்தகத்தையும் மாத்திரை டப்பாக்களையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டியது. அவரை வேறு வழியாகக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் மனைவி துணிப்பையை எடுக்க மட்டும் வந்தாள். என்னைப் பார்க்காமல் போனாள். அழுத முகம்.

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நம் பக்கமும் பார்வை திரும்பும். ருக்குமணிக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

எங்கள் முறை வந்தது. மாமாவுக்கு முந்தாநாளிலிருந்து மறுபடி ரத்தம். இன்னும் எழுதாமல் விட்டிருந்த அந்தக் கட்டங்களில் உட்கார்ந்த இடத்திலேயே 0 போட்டிருந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு மாமா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன், "நல்லா இருக்காருங்க."

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் மூன்று தடவை. முதலில் வெற்றிலை எச்சில் நிறம், அப்புறம் நல்ல சிவப்பு. நீலப் புத்தகத்தில் 0.

உண்மை எண்ணை இந்தப் பக்கத்தின் மூலையில், கோழியின் கொண்டைக்கு மேலே, பென்சிலில் போட்டிருக்கிறேன். இனிமேல் தினமும் போடுவேன். இது பொய் கிடையாது. ஒருநாள் நின்றுவிடும், நின்றதும் பழையதைப் பரப்பி எழுதிச் சரிக்கட்டிவிடலாம். வெளியே அனுப்பிவிட்டால் மாமாவுக்குப் பாதி கேட்கிற பழைய மாத்திரைதான். இங்கே இருந்தால், அந்த மஞ்சள் மருந்தாக இருக்கப் பாதி வாய்ப்பாவது இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

பிப்ரவரி 14, புதன்

0. (மூலையில் 2.)

பிப்ரவரி 20, செவ்வாய்

வீட்டில் தீவனத் தராசில் மாமாவை நிற்கவைத்துப் பார்த்தேன். 49. அதனால் பஸ் இறங்கியதும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்கவைத்தேன். அவர் இடுப்பில் கட்டுகிற பச்சை பெல்ட்டின் பைக்குள் ஒரு கிலோ எடைக்கல் ஒன்றைப் போட்டு, மேலே வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டேன். கோழி ஏற்ற வண்டி வருகிற அன்றைக்கு, கோழி குடித்து எடை கூடட்டும் என்று தண்ணீர்க் குழாயை மூடாமல் விடுவோமே, அதே யோசனைதான். ஆஸ்பத்திரித் தராசு 51 காட்டியது.

சிஸ்டர் சந்தோஷப்பட்டது. எங்களைவிட அதிகமாகவே சந்தோஷப்பட்டது. அதற்கு வயது இருபத்தாறு இருக்கும். "இந்த மாதிரி எல்லாருக்கும் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றது.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புஸ்தகத்துல என்ன எழுதற?"

"எழுத வேண்டியதை."

"நான் துப்புனதை எழுதறயா?"

"அந்த அந்தியூர்க்காரரு என்ன ஆனாருன்னு பாத்தீங்கல்ல."

பஸ் சூலூர் தாண்டியது. அப்புறம், "எடைக்கல்லு தொடையில உறுத்துது. அடுத்த தடவை துணி சுத்திப் போடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 29, வியாழன்

கோழி ஏற்றியாயிற்று. ஷெட் காலி. வண்டிக்காரர்கள் போட்ட சத்தத்தில் மாமா தூங்கமுடியாமல் எழுந்துவந்து மரத்தடியில் நின்றார். வீட்டிலிருந்து மரம் இருபது தப்படி. நடுவில் ஒருமுறை நின்று தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டார். பெல்ட்டில் நான் ஆணியால் புதிதாகப் போட்ட ஓட்டையும் தளர்ந்துவிட்டது. மூலையில் 2.

மார்ச் 5, செவ்வாய்

51. இரண்டு எடைக்கல், ஒரு சொம்புத் தண்ணீர், சாவிக்கொத்து, போன், சட்டைக்குள் இன்னொரு சட்டை. குருநாதனின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச் 6, புதன்

மூலையில் 0. நான் பார்த்தவரை ஒரு தடவைகூட இல்லை. மஞ்சள் மாத்திரை மாவு இல்லை போலிருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

மூன்றாவது நாளாக 0. இரண்டு புத்தகத்திலும் ஒரே எண். மாமாவுக்கு நெய்ச்சோறு இரண்டு கை அதிகமாகப் போட்டேன். மறுப்பு சொல்லாமல் சாப்பிட்டார்.

மார்ச் 11, திங்கள்

செத்த கோழி போடுகிற குழிக்குச் சுண்ணாம்பு போடப் போனேன். பேட்ச் முடிந்தால் அதுதான் முதல் வேலை. குழியின் ஓரத்தில் ஒரு தீவனச் சாக்கு சுருட்டிக் கிடந்தது. நான் போட்டதில்லை. குச்சியால் பிரித்தேன். மாமாவின் துண்டு கிழித்த துணிகள். எட்டோ ஒன்பதோ. காய்ந்து கறுத்துப்போனது பாதி, இன்னும் காயாதது மீதி.

அப்படியானால் இந்த வாரம் நான் போட்ட பூஜ்யங்கள்.

நான் ஷெட்டைக் கழுவுகிற நேரமாகப் பார்த்து வந்து போட்டிருக்கிறார். இருபது தப்படிக்கு நடுவில் நிற்கிற மனுஷன் குழி வரைக்கும் எப்படித்தான் நடந்தாரோ.

சாக்கைச் சுருட்டி உள்ளே தள்ளிச் சுண்ணாம்பைக் கொட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. மத்தியானம் ரசம் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

51. அடுத்த முறை பன்னிரண்டு வாரம் முடிவதால் ஸ்கேன் எடுப்பார்களாம். வரும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மார்ச் 22, வெள்ளி

நீலப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு போன் நம்பர் இருக்கிறது. ‘ரத்தம் அதிகமானால் உடனே அழைக்கவும்’ என்று போட்டிருக்கிறது. ஷெட்டுக்குள் போய் நின்று அந்த நம்பரைப் போட்டேன். மணி இரண்டு தடவை அடித்தது. அந்த ஒட்டின கவரும் பீரோவும் ஞாபகத்துக்கு வந்தன. கட் செய்துவிட்டேன். உடனே அங்கிருந்தே திரும்பக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா சிஸ்டர்தான்.

"அக்கா கூப்பிட்டீங்களா? அண்ணனுக்கு ஏதாவதா?"

"இல்ல சிஸ்டர், கை பட்டிருச்சு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

மூலையில் 5.

மார்ச் 27, புதன்

இன்றைக்கு எண்ண முடியவில்லை. ஒரு டம்ளர் இருக்கும். நீலப் புத்தகத்தில் 1 போட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஸ்கேனுக்கு உடுப்பு மாற்றச் சொன்னார்கள். இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. அந்த அறையில் இருந்த ஆள் மாமாவின் பெல்ட்டை வாங்கி மேஜைமேல் வைத்தான். மூன்று எடைக்கல்லும் ஒரே சமயத்தில் டமாரென்று இடித்தன. ஜெசிந்தா சிஸ்டர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது.

"அக்கா, இது என்ன?"

"வேண்டுதல்" என்றேன்.

மறுபடியும் எடை பார்த்தார்கள். 44.

டாக்டர் ஸ்கேனையும் நீலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புத்தகம் நல்லா இருக்காருன்னு சொல்லுது. ஸ்கேன்ல அந்தப் பக்க நுரையீரலே பாதி போயிருக்கு. பூஞ்சை பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய் வரைக்கும் வந்துருச்சு." என்னைக் கேட்கவில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அட்மிட் செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் 4, வியாழன்

வெந்நீர் வாங்கக் கீழே கேன்டீனுக்குப் போனேன். யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். கன்னத்தில் சதை வைத்த ஒரு ஆள், சட்டை பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்க, போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தார். அவராகப் பெயர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நானுங்கக்கா, குருநாதன். பந்தயம் கட்டுனமே."

அவரை வெளியே அனுப்பவில்லை. ரத்தம் அதிகமாகிற ஆளுக்கு மாவா மருந்தா என்கிற கண்கட்டு வேலையை நிறுத்திவிட்டு, புது மருந்தையே நேராகக் கொடுத்துவிடுவார்களாம். பழைய புத்தகத்தையும் டப்பாக்களையும் அதற்காகத்தான் வாங்கிப் பூட்டினார்களாம். அப்படிப்பட்டவர்கள் செவ்வாய்க்குப் பதிலாக வியாழக்கிழமை வர வேண்டுமாம்.

"அன்னிக்கு என்ற வீட்ல அழுதாளுங்க, முடிஞ்சுதுன்னு நெனச்சு. ரெண்டே மாசத்துல ஒன்பது கிலோ ஏறீட்டனுங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

நான் வெந்நீர்ப் பிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிஸ்டரிடம் போய் அந்தப் பதினேழு பக்கத்தைக் கேட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. கொட்டை எழுத்தில். ‘ஒரு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ரத்தம் வந்தால், மருத்துவர் பரிசோதித்து, உங்களுக்குப் புதிய மருந்தை நேரடியாக வழங்குவார்.’ இதை எங்களுக்கு வாசித்தார்கள். நான் தலையாட்டினேன். வீடியோவில் இருக்கும். நான் அப்போது ஷெட்டுக்கு மாட்ட வேண்டிய பல்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது. எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட் கார்டு, எடைக்கல், தண்ணீர், பூஜ்யம். கடைசியில், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா. அன்னிக்குப் போன்லகூட நிச்சயமான்னு கேட்டேனே" என்றது. அதற்கும் கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் சொல்லப் போனது.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் புது மருந்தை நேராகக் கொடுத்தார்கள். மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதே மஞ்சள்.

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து என்னை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நெய்ச்சோறு இருக்கிறதா என்று கேட்டார். ஊட்டிவிட்டேன். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நீ அவியளுக்குக் கொறச்சு எழுதுன. நான் உனக்குக் கொறச்சுக் காட்டுனேன். ரெண்டு பேரும் ஒரே கார்டைத்தான் எழுதியிருக்கறோம் அம்மிணி."

"குழியில பாத்தேன் மாமா."

"தெரியும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருந்தியே."

அப்போதாவது நாங்கள் பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மூலையில் 4. நீலப் புத்தகத்திலும் 4. பிப்ரவரி தொடக்கத்துக்குப் பிறகு நான் தெரிந்து எழுதின முதல் உண்மை. டாக்டர், மருந்து பிடிக்க மூன்று வாரமாவது ஆகும் என்றார். ரத்தக்குழாய் அதுவரை தாங்க வேண்டும். தொடை வழியாகக் கம்பி விட்டு அடைக்கப் பார்த்தார்கள், மூச்சு ஒத்துழைக்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

காலை ஆறு பத்துக்கு மாமா போய்விட்டார். மருந்து ஆரம்பித்து ஏழு நாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

கம்பெனி சூப்பர்வைசர் துக்கம் கேட்க வந்தார். அடுத்த பேட்ச் எப்போது இறக்கட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஷெட்டின் உள்சுவரில் இருக்கிற கரிக்கோடுகளைத் துடைக்கச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன். மாமா போட்டதும் நான் போட்டதும் கலந்து கிடக்கிறது. துடைத்தும் போகவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

மிச்ச மாத்திரைகளையும் நீலப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் போன் செய்திருந்தது. அவசரமில்லை என்றும் சொன்னது. அதே பஸ்ஸில் போனேன். செவ்வாய்க்கிழமை நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோர் மடியிலும் நீலப் புத்தகம்.

சிஸ்டர் டப்பாக்களைக் கொட்டி எண்ணியது. கொடுத்தது இவ்வளவு, போட்டது இவ்வளவு, மீதி இவ்வளவு. ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. மாமா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. "இவ்வளவு ஒழுங்கா யாருமே சாப்பிட்டதில்லை அக்கா" என்றது.

நான் கேட்கக் கூடாது என்று நினைத்து வந்ததைக் கேட்டுவிட்டேன். முதல் பன்னிரண்டு வாரமும் அவருக்குக் கொடுத்தது மாவா, மருந்தா?

"தெரியாதுக்கா. நெசமாவே எங்க யாருக்கும் தெரியாது. ஆய்வு முடிஞ்சாத்தான் பிரிப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

மருந்தாக இருந்திருந்தால் நான் உண்மையை எழுதியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார். மாவாக இருந்திருந்தால் குருநாதனைப் போலக் கன்னத்தில் சதை வைத்து எங்காவது போண்டா தின்றுகொண்டிருந்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து எனக்குப் போன் செய்து சொல்வார்களா என்று கேட்டேன். கடிதம் வரும் என்றது. அது நீட்டிய காகிதத்தில், கடிதம் வரவேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போடாமல் வைத்துவிட்டேன்.

அப்புறம் சிஸ்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னது. "அண்ணனோட பூஜ்யங்க எல்லாம் மத்தவங்க கணக்கோட சேரும் அக்கா. அவருக்குக் கிடைச்சது மாவுன்னா, மாவே போதும்னு அது சொல்லும். மருந்துன்னா, கேக்காத மருந்து கேக்குதுன்னு சொல்லும். ரெண்டுமே வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கு ஆபத்து. நீங்கதான் எழுதுனீங்க. நீங்கதான் திருத்த முடியும்."

பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். சிஸ்டர் மூலையில் இருக்கிற கோழியையும் பென்சில் எண்ணையும் பார்த்தது. நீலப் பேனா ஒன்றைக் கொடுத்தது.

பிப்ரவரி 4-லிருந்து 8 வரைக்கும் ஞாபகத்திலிருந்து எண் போட்டேன். பிப்ரவரி 9. பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 3. வசந்தாமணி. 30.4.

பிப்ரவரி 14. ஒரு கோடு. 2. வசந்தாமணி. 30.4.

நாற்பத்து ஒன்பது பூஜ்யங்கள். ஒன்பது பொய் ஒன்றுகள். கோடு போட்ட பிறகும் அடியில் இருக்கிற பூஜ்யம் தெளிவாகத் தெரிகிறது. பழசு தெரிய வேண்டும் என்று முதல் நாளே சொன்னார்கள்.

மார்ச் 6-க்கு வந்தபோது நிறுத்தினேன். அன்றிலிருந்து ஐந்து நாளும் என் டைரி மூலையிலேயே 0 தான் இருந்தது. நான் மாமாவை நம்பிப் போட்ட பூஜ்யங்கள். குழியில் கிடந்த துணி எட்டா ஒன்பதா என்றுகூட நான் சரியாக எண்ணவில்லை. மார்ச் 11-க்கு முன்னால் இருக்கிற மற்ற நாட்களில்கூட எனக்குக் காட்டாமல் எத்தனை தடவையோ.

"இதுக்கு என்ன போடறது சிஸ்டர்?"

"தெரிஞ்சா எண்ணைப் போடுங்க. தெரியலேன்னா, தெரியாதுன்னு எழுதுங்க. அதுவும் சரியான பதில்தான்."

மார்ச் 6, ஒரு கோடு. தெரியாது. வசந்தாமணி. 30.4.

மார்ச் 7, ஒரு கோடு. தெரியாது. வசந்தாமணி. 30.4.

சிஸ்டர் நீலப் புத்தகத்தையும், திருத்தத்துக்கு ஆதாரமாக இந்த டைரியையும் வாங்கி, ஒரு கவரில் போட்டு ஒட்டப்போனபோது, இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க அரைமணி நேரம் கேட்டு வாங்கினேன். முடித்துவிட்டேன். இதையும் கொடுத்துவிடுகிறேன்.